ஓடிப் போய் வேலை பார்த்து ஓடி வருவது: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் சனிக்கிழமை விடியற்காலையில் ஓடுகிற ஒரு சிறு குழுவில் நானும் ஒருவன். ஓர் இடம் வரை ஓடிப் போவோம், அங்கே முக்கால் மணி நேரம் ஏதாவது ஊர்வேலை பார்ப்போம், பிறகு ஓடித் திரும்புவோம். ஓடுகிறவன் கையில் சாக்கு இருந்தால் யாரும் நிறுத்தித்தான் கேட்பார்கள். தேநீர்க் கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்டதையே கேட்கிறார்கள். பதில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட தொனியிலேயே விட்டிருக்கிறேன்.

ஓட வேண்டுமென்றால் ஓடுங்கள், சேவை செய்ய வேண்டுமென்றால் செய்யுங்கள். இரண்டையும் எதற்குப் போட்டுக் குழப்புகிறீர்கள்?

தனியாக ஓடத் தொடங்குகிறவர்களில் பலர் மூன்றாம் வாரம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். நானும் அப்படி இரண்டு முறை நின்றவன்தான். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கூடுகிறவர்களோ முதல் கூட்டத்தில் வடை சாப்பிட்டு, வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதோடு கலைகிறார்கள். இரண்டையும் சேர்த்தால் ஒன்று மற்றொன்றைப் பிடித்து இழுக்கிறது. ஓட்டத்துக்கு எழ மனமில்லாத நாளில், நீங்கள் போகாவிட்டால் அந்த ஓடையில் மண்வெட்டி பிடிக்க ஓர் ஆள் குறையும் என்ற நினைப்பு எழுப்பிவிடும்.

இது நாங்கள் கண்டுபிடித்ததும் இல்லை. சுவீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் 2016இல் ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவதை ஓர் இயக்கமாக்கினார். பொறுக்குவதற்கான சுவீடிய மொழிச் சொல்லையும் ஓட்டத்துக்கான சொல்லையும் ஒட்டி ‘பிளாக்கிங்’ என்று அதற்குப் பெயர் வந்தது. லண்டனில் தொடங்கிய ‘குட்ஜிம்’ அமைப்பினர் ஓடிப் போய் மண் சுமப்பார்கள், தோட்டம் திருத்துவார்கள், தனியாக வாழும் முதியவர்களைப் பார்த்துவிட்டு வருவார்கள். அந்த முதியவரை அவர்கள் ‘பயிற்சியாளர்’ என்று அழைக்கிறார்கள். அவர் காத்திருக்கிறார் என்பதால்தானே இவர் ஓடுகிறார்! அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எனக்கு ஓடவே வராது. எவ்வளவு தூரம்?

போகவர மொத்தம் 4 முதல் 6 கிலோமீட்டர். பக்கத்தில் ஓடுபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம்தான். பேச்சு நின்றால் வேகத்தைக் குறைப்போம். இரண்டு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பவர்கள் எங்களில் பாதிப் பேர். கடைசியில் வருபவரோடு ஒருவர் கட்டாயம் சேர்ந்து வருவார், அவர் முன்னால் போகக் கூடாது.

நடந்தே வருபவர்கள் கால் மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டால் எல்லாரும் ஒன்றாகப் போய்ச் சேரலாம். நெஞ்சுவலி, ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தால் எல்லாருக்கும் வசதிதானே? ஏன் சனிக்கிழமை?

வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் கேட்கும் கேள்வி இது. இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பாதி ஊர் தேவாலயத்தில் இருக்கும். முதல் திருப்பலிக்குப் போகிறவர், ஆராதனைக்குப் பாடகர் குழுவில் இருக்கிறவர், ஞாயிறு பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டு விடுகிறவர் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள். மீதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமை மீனும் கறியும் வாங்கப் போகிற நாள்.

காலை 5.30க்குப் புறப்படுகிறோம். வேலையிடத்தில் கை வைக்கும்போது வெளிச்சம் வந்திருக்கும். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். கடலோரக் காற்றின் ஈரப்பதத்தில் ஏழரை மணிக்கு மேல் ஓடுவது, சட்டையோடு குளிப்பதற்குச் சமம்.

ஷூ, டி-ஷர்ட் எல்லாம் வாங்க வேண்டுமா?

வீட்டில் இருக்கிற ஷூ போதும். செருப்போடு வேண்டாம், ஓட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. வேலையிடத்தில் கண்ணாடித் துண்டு இருக்கும். தடித்த ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் போடுகிற மெல்லிய உறை ஆகாது, முதல் முள்ளிலேயே கிழியும். குழுவுக்கென்று டி-ஷர்ட் அடிக்கும் யோசனை ஆண்டுக்கு இருமுறை வரும். இருமுறையும் நிறத்தில் சண்டை வந்து நின்றுவிடும்.

எந்த வழியாக ஓடுகிறீர்கள்?

கூடியவரை சானல்கரை. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரை வயலுக்குக் கொண்டு வரும் கால்வாய்களை இங்கே யாரும் கால்வாய் என்று சொல்வதில்லை. அனந்தனார் சானல், தோவாளை சானல் என்று சானல்தான். கரை மண் முழங்காலுக்கு இதம், ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் தென்னை, வண்டியும் குறைவு. குளிக்க வருகிறவர்கள் இருக்கிற படித்துறையில் ஓட்டத்தை நிறுத்தி, முன்னால் ஆள் விட்டுக் குரல் கொடுத்து, தலையைக் குனிந்து நடந்து கடக்க வேண்டும். இதைச் செய்யாத குழுவை ஊர் மன்னிக்காது.

நெடுஞ்சாலையில் ஓடுவதில்லை. இருட்டில் மீன் வண்டியும் பால் வண்டியும் வரும் வேகத்துக்கு நம் உயிர் தாங்காது. ஊர்ச்சாலையில் ஓட நேர்ந்தால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசையில்.

என்ன வேலை செய்வீர்கள்? குப்பை பொறுக்குவது மட்டும்தானா?

குப்பை பாதிதான். மீதியைப் பருவம் தீர்மானிக்கிறது. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறந்து, கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போக நெல்லும் விளைந்து, பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். மார்ச் முதல் மே வரை சானல் வறண்டு கிடக்கும். மதகடியில் சேர்ந்த பாட்டில், துணி, தேங்காய் மட்டையை எடுப்பதற்கு அதுதான் நேரம். தண்ணீர் வந்த பிறகு அதே வேலைக்கு நான்கு மடங்கு பாடு. ஆகஸ்ட், செப்டம்பரில் பனம்பழம் விழும்; விதை சேகரிப்போம், ஊன்றுவோம். பள்ளி திறப்பதற்கு முன் அரசுப் பள்ளி ஒன்றின் சுற்றுச்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். நூலகத்தில் புத்தகத்துக்கு அட்டை போட்ட நாளும் உண்டு. அன்று வியர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்த நூலகர், முதலில் மின்விசிறியைப் போட்டுக் காயவைத்துவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடவிட்டார்.

வேலையைத் தேர்ந்தெடுக்க எங்களிடம் ஒரே அளவுகோல்தான்: பத்துப் பேர் முக்கால் மணி நேரத்தில் முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ‘குளத்தைத் தூர்வாருவது’ எங்கள் வேலை கிடையாது. ‘குளத்துப் படித்துறையில் முளைத்த செடியைப் பிடுங்குவது’ எங்கள் வேலை.

மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் தூக்கிக்கொண்டு எப்படி ஓடுவது?

ஓடக் கூடாது. முதல் மாதம் ஓடிப் பார்த்தோம், ஒருவருக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இன்னொருவரின் மண்வெட்டி பின்னால் வந்தவரின் முட்டியை உரசியது. இப்போது ஒருவர் ஸ்கூட்டரில் கருவிகளை முன்னதாகக் கொண்டுபோய் வைத்துவிடுவார். இந்தப் பொறுப்பு முறைவைத்து வரும். கால் சுளுக்கியவருக்கு முன்னுரிமை.

ஓடும்போது கையில் இருப்பது மடித்த சாக்கும் கையுறையும் மட்டும். நிரம்பிய சாக்கை ஒரே தோளில் போட்டு ஓடினால் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து முதுகு பிடிக்கும். குனிந்து எடுக்கும்போதும் முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்திருங்கள். நாற்பது முறை உட்கார்ந்து எழுந்தால் அது தனிப் பயிற்சி.

நல்ல காரியம்தானே செய்கிறோம், இதற்குப் போய் யாரிடம் அனுமதி?

நானும் இப்படித்தான் கேட்டேன், ஒரு குளத்தில் இறங்கிய நாள் வரை. கரை முழுக்க ஆகாயத்தாமரை. ஊதாப் பூவோடு மினுமினுத்துக் கிடந்ததை எட்டுப் பேர் இழுத்துக் கரையில் போட்டோம். அரை மணி நேரத்தில் இரண்டு ஆள் உயரத்துக்குக் குவியல். படம் எடுக்கக் கூடி நின்றபோது சைக்கிளில் ஓர் அண்ணாச்சி வந்தார். குவியலைக் காலால் கிளறினார். அடியிலிருந்து நீளநீளமாக, முறித்தால் நூல் இழுக்கும் தண்டுகள் வந்தன. தாமரை. அந்தக் குளம் தாமரை வளர்க்க அவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது, பூ தோவாளைச் சந்தைக்குப் போகிறது. “எது களை, எது பயிர் என்று தெரியாதவர்களுக்குக் குளத்தில் என்ன வேலை?” என்று கேட்டார். பதில் இல்லை. அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் அவர் காட்டிய இடத்தில், அவர் சொன்ன செடியை மட்டும் எடுத்துக் கொடுத்தோம்.

ஆகவே, முதலில் இடம் யாருடையது என்று கேளுங்கள். பெரிய குளமும் சானலும் நீர்வளத்துறையிடம் இருக்கும். சிறு குளம், தெரு, பொதுக்கிணறு ஊராட்சி, பேரூராட்சி அல்லது மாநகராட்சியிடம். கோயில் குளத்துக்குக் கோயில் நிர்வாகம், கல்லறைத் தோட்டத்துக்குப் பங்குப் பேரவை. ஒரு பக்கக் கடிதம் போதும்: எந்த நாள், எத்தனை பேர், என்ன செய்வோம், என்ன செய்யமாட்டோம். அந்தக் கடைசி வரிதான் அதிகாரிகளுக்கு நம்பிக்கை தருகிறது. துறை எதுவானாலும், இடத்துக்குப் பக்கத்து வீட்டாரிடமும் முந்திய நாள் சொல்லிவிடுங்கள்.

பொறுக்கிய குப்பையை எங்கே கொண்டு போடுவீர்கள்?

இதற்கு விடை தெரியாமல் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தொடாதீர்கள். எங்கள் முதல் மாதத்தில் பதினொரு மூட்டையைக் கட்டிச் சாலையோரம் அழகாக அடுக்கிவிட்டுப் போனோம். வாகனம் வரும் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். இரவில் நாய் கிழித்தது, காலையில் காற்று பரப்பியது. சானலுக்குள் கிடந்த குப்பையைச் சாலைக்குக் கொண்டு வந்ததுதான் அன்றைய சேவை.

இப்போது வேலைநாளுக்கு முன்பே அந்தப் பகுதியின் தூய்மைப் பணி மேற்பார்வையாளரிடம் பேசி, வண்டி எத்தனை மணிக்கு எந்த முனையில் நிற்கும் என்று கேட்டுக்கொள்கிறோம். பொறுக்கும்போதே மூன்று சாக்கு: கண்ணாடி, பிளாஸ்டிக், மற்றவை. கண்ணாடிச் சாக்கின் வாயில் சிவப்புத் துணி கட்டுவோம், தூக்குபவருக்குத் தெரிய வேண்டும். ஊசி, மருத்துவக் கழிவு கண்ணில் பட்டால் எடுக்காமல் இடத்தை அடையாளம் வைத்துச் சொல்லிவிட வேண்டும். எரிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நீங்கள் இலவசமாகச் செய்தால் தூய்மைப் பணியாளர்களின் பிழைப்பு என்ன ஆகும்?

நியாயமான கேள்வி. கேட்டவர் ஒரு தூய்மைப் பணியாளரேதான். அவர்கள் தினமும் பெருக்குகிற தெருவுக்கு நாங்கள் போவதில்லை. அவர்களுடைய வேலைப் பட்டியலில் வராத மதகடி, குளக்கரை, பாறை இடுக்கு, இவைதான் எங்களுக்கு. ‘தன்னார்வலர்கள் வாரம் ஒருமுறை வருகிறார்களே’ என்று காட்டி யாராவது ஆளைக் குறைக்க நினைத்தால் அந்த இடத்தை விட்டு விலகிவிடுவது என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு.

அதோடு, வாரத்தில் முக்கால் மணி நேரம் குனிந்துவிட்டு அவர்களுக்குப் பாடம் நடத்தப் போகாதீர்கள். நாங்கள் சாக்குக் கட்டுகிற முடிச்சே அவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

இன்று அள்ளுகிறீர்கள், அடுத்த வாரம் அதே இடத்தில் அதே குப்பை. வெட்டி வேலை அல்லவா?

ஒரு முறை போனால் வெட்டி வேலைதான். அதனால் நாங்கள் ஊர் ஊராகச் சுற்றுவதில்லை. மூன்றே இடம், மாற்றி மாற்றி. அதே இடத்துக்குத் திரும்பப் போனால்தான் குப்பை எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும். ஒரு மதகடியில் வாரந்தோறும் ஒரே வகைத் தேநீர்க் கோப்பை. சானலில் தண்ணீர் வரும் திசைக்கு எதிராக நடந்து பார்த்தோம், நானூறு மீட்டர் தள்ளி ஒரு கடையின் குப்பைத்தொட்டிக்கு அடிப்பக்கமே இல்லை. கடைக்காரர் தொட்டியில்தான் போட்டுக்கொண்டிருந்தார், பாவம். புதுத் தொட்டி வைத்த பிறகு கோப்பை வருவது ஏறக்குறைய நின்றது.

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும் என்ன கிடைக்கிறது என்று எழுதி வைப்பது பயன்படும். ‘அந்த மதகடியில் குப்பை அதிகம்’ என்று மனுக் கொடுத்தால் சிரிப்பார்கள். ‘ஆறு சனிக்கிழமைகளில் இத்தனை மூட்டை, அதில் இன்ன பொருள் இத்தனை’ என்று நோட்டை நீட்டினால் உட்காரச் சொல்வார்கள்.

பனை விதை ஊன்றுகிறீர்களே, ஒன்றாவது முளைத்ததா? நான் போய்ப் பார்த்தேன், ஒன்றையும் காணோம்.

பனை முதலில் கீழே போகும் மரம். விதையிலிருந்து வெளிவரும் முளை மண்ணுக்குள் இறங்கி, அங்கே கிழங்கு கட்டி, பல மாதம் கழித்துத்தான் ஈட்டிபோல ஒற்றை ஓலையை மேலே நீட்டும். ஊன்றிய மூன்றாம் மாதம் போய்ப் பார்த்து ‘பட்டுப்போயிற்று’ என்று முடிவு கட்டாதீர்கள். தோண்டியும் பார்க்காதீர்கள். பனங்கிழங்கு அவித்துத் தின்னும் ஊரில் அந்த ஆர்வம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். ஒரு வரிசையில் எங்களுக்கு அதுதான் நடந்தது. தின்றவர்கள் எங்கள் குழுவுக்கு அந்நியர் இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பழுத்து விழுந்த பழத்தின் விதையை எடுத்து, அரையடி ஆழத்தில், பத்தடி இடைவெளி விட்டு ஊன்றுகிறோம். கரை எந்தத் துறையிடம் இருக்கிறதோ அதன் அனுமதி இதற்கும் வேண்டும், மேலே சொன்ன கடிதம்தான். ஆணா பெண்ணா என்பது பூத்த பிறகே தெரியும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். அந்த மரத்தில் அக்கானி, அதாவது பதநீர், இறக்கிக் குடிக்கலாம் என்ற கணக்கோடு வருகிறவர்கள் இளம் வயதில் வருவது நல்லது.

கடற்கரை மணலில் ஓடலாமே? சொத்தவிளை, சங்குத்துறை எல்லாம் பக்கத்தில்தானே?

மாதம் ஒருமுறை போகிறோம், பஸ்ஸிலோ வண்டியிலோ போய் அங்கிருந்து ஓடுவோம். அலை நனைத்து இறுகிய மணலில் மட்டும் ஓடுங்கள். காய்ந்த மணல் கெண்டைக்காலைப் பிடித்துவிடும். கரை சரிவாக இருப்பதால் ஒரே திசையில் நெடுந்தூரம் போனால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும். போன வழியே திரும்பி வாருங்கள்.

அலையை அலட்சியம் செய்யாதீர்கள். இந்தக் கரையில் காற்றும் மழையும் இல்லாத தெளிந்த நாளில்கூடத் தொலைவுக் கடலில் எழுந்த அலை திடீரென்று ஏறி வரும். கள்ளக்கடல் என்று சொல்வது அதைத்தான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில் நாங்கள் கடற்கரைப் பக்கமே போவதில்லை. எச்சரிக்கை இல்லாத நாளிலும், வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் “இன்று கடல் எப்படி?” என்று கேட்டுவிட்டுத்தான் மணலில் கால் வைப்போம்.

கரையில் கிடக்கும் வலைத் துண்டை, அது கிழிசல்தான் என்று நீங்களே முடிவு செய்து சாக்கில் போடாதீர்கள். தாமரைக் குளத்துக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் கரையேறி முட்டையிடும் காலம். அப்போது இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு ஓடுவதைத் தவிர்த்து, வெளிச்சம் வந்த பிறகே தொடங்குகிறோம்.

தேரூர் குளத்தில் இறங்கி ஒரு நாள் சுத்தம் செய்யலாமே?

வேண்டாம். சுசீந்திரம் - தேரூர் ஈரநிலமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வந்திருக்கும். பத்துப் பேர் சேற்றில் இறங்கிக் கூச்சலிட்டால் பறவைக்குத்தான் தொல்லை. நமக்குக் களையாகத் தெரியும் மிதக்கும் செடிமேல்தான் சில பறவைகள் கூடு கட்டும். சாலையோரத்தில் பயணிகள் வீசிய பாட்டிலும் உணவுப் பொட்டலமும் கிடக்கும். அதைப் பொறுக்குவது போதும். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர் வழியாக ஓடினோம் என்ற சந்தோஷமும் கூடவே கிடைக்கும்.

மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்? நமக்கு இரண்டு மழை ஆயிற்றே?

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டும் நனைக்கிற மாவட்டம் என்பதால் மழைக்குப் பயந்தால் ஆண்டில் பாதி நாள் வீட்டில்தான். சாரலில் ஓடுவோம். இடி மின்னல் இருந்தால் ரத்து. காற்றுக்கும் எச்சரிக்கை வந்தால் ரத்து. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் சாய்த்த ரப்பரையும் வாழையையும் மின்கம்பங்களையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மழைக்குப் பிறகு தேங்கிய தண்ணீரில் இறங்கும் வேலை எதுவும் கிடையாது. எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் இருக்கும் சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும். ஓட்டக்காரர்கள் இதில் ஏமாறுவது எளிது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி அதன் முக்கிய அறிகுறி. ‘சனிக்கிழமை ஓடிய வலி’ என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுவார்கள். சேற்றில் நின்ற ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போய், எங்கே நின்றீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நாய் துரத்தினால்?

ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. கூட்டமாகச் சேர்ந்து, கண்ணை உற்றுப் பார்க்காமல், மெல்ல நடந்து கடந்தால் பெரும்பாலும் குரைத்துவிட்டு ஓய்ந்துவிடும். கல்லெடுக்கக் குனிவது சில நாயை விரட்டும், சில நாயை வெறியேற்றும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள்.

பெண்கள் வரலாமா? இருட்டோடு வீட்டில் விடமாட்டார்கள்.

எங்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தொடக்கத்தில் ஒருவர்கூட இல்லை. ‘பாதுகாப்பாக இருக்கும், வாருங்கள்’ என்று நாங்கள் சொன்னபோது யாரும் வரவில்லை. ஓர் ஆசிரியை தன் தங்கையையும் பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். அவர்கள் கேட்டதில் முதலாவது, கழிப்பறை இருக்கிற இடத்தில்தான் ஓட்டம் தொடங்க வேண்டும் என்பது. எங்களில் ஒருவனுக்கும் அது தோன்றியிருக்கவில்லை. இரண்டாவது, அவர்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. இரண்டும் இப்போது எல்லாருக்குமான விதி.

தனியாக இருக்கும் வயதானவர் வீட்டுக்கும் ஓடிப்போவதாகக் கேள்விப்பட்டேன். எதற்கு?

பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றை விளக்கோடு இருப்பவர்கள் இந்த மாவட்டத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. மருந்து வாங்கித் தருவது, பரணிலிருந்து பெட்டி இறக்குவது போன்ற வேலை. முதல் முறை ஒரு பாட்டாவின் (தாத்தாவை இங்கே அப்படித்தான் அழைப்போம்) வீட்டுக்குப் போனபோது அவருக்கு வேண்டியிருந்தது ஒரு பல்பு மாற்றுவது. பல்பு வாங்கி இரண்டு மாதம் மேசைமேல் வைத்திருந்தார். ஸ்டூலில் ஏறப் பயம், கூப்பிடக் கூச்சம். வியர்வை சொட்ட நின்ற எங்களைப் பார்த்து, “பஸ் கிடைக்கவில்லையா மக்களே?” என்றார். உடற்பயிற்சிக்காக ஓடி வந்தோம் என்று விளக்கினோம். அவர் நம்பவில்லை. அடுத்த சனிக்கிழமை கட்டன் காபியோடு, டிக்கெட்டுக்கு இருபது ரூபாயும் எடுத்து வைத்திருந்தார்.

இதில் விதி கடுமையானது. எப்போதும் இருவராகத்தான் போக வேண்டும். முதல் முறை அவருடைய பிள்ளைகளிடமோ பக்கத்து வீட்டாரிடமோ சொல்லிவிட்டே போக வேண்டும். ஏடிஎம் அட்டை, நகை, பத்திரம் எதையும் தொடக் கூடாது, ‘வங்கியில் எடுத்து வா’ என்றாலும் மறுத்துவிட வேண்டும். வருவேன் என்று சொன்ன நாளில் வராமலிருக்கக் கூடாது. இதற்கு உறுதி தர முடியாதவர்கள் சானல் வேலைக்கு வந்தால் போதும். எங்களால் முடியாத உதவி என்றால் முதியோருக்கான 14567 என்ற எண்ணைச் சொல்லிவிட்டு வருகிறோம்.

ஓடிப் போய் ரத்ததானம் செய்துவிட்டு ஓடி வந்தால் என்ன? செய்தியாக வருமே?

மயங்கி விழுந்ததும் செய்தியாக வரும். 18 முதல் 65 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் தரலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. அன்று முழுவதும் ஓட்டம் கிடையாது, வெறும் வயிற்றோடும் போகக் கூடாது. ஆகவே அது எங்களுக்குத் தனி நாள், பஸ்ஸில்.

என் மகன் கல்லூரியில் படிக்கிறான். சான்றிதழ் தருவீர்களா?

மாட்டோம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் காட்ட வேண்டிய மாணவர்கள் அதன் திட்ட அலுவலர் வழியாக வரலாம். அவர் கையெழுத்திடுவார், வந்த நேரத்தை மட்டும் நாங்கள் எழுதிக் கொடுப்போம். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரும் கூட ஓட வேண்டும். இந்த விதியால் இரண்டு அப்பாக்கள் இளைத்திருக்கிறார்கள்.

நாங்கள் பணம் தருகிறோம். எங்கள் கடை பேனரைப் பிடித்துக்கொண்டு ஓடுவீர்களா?

பணம் வாங்குவதில்லை. வாங்கினால் கணக்கு, கணக்கு வந்தால் பொருளாளர், பொருளாளர் வந்தால் தேர்தல். கையுறை, சாக்கு, சுண்ணாம்பு என்று பொருளாகக் கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்வோம். ஓட்டம் முடிந்து தின்ன ஒரு குலை மட்டிப்பழம் கொடுத்தால் இரட்டை நன்றி. பேனர் கிடையாது. கட்சிக் கொடியும் கிடையாது. வேட்பாளர்கள் ஓட வரலாம், ஆனால் கடைசியில் வருபவரோடு அவர்தான் வர வேண்டும்.

நான் மார்த்தாண்டம் பக்கம். எங்கள் ஊரில் தொடங்க எத்தனை பேர் வேண்டும்?

மூன்று பேர். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் இருவர் இருப்பீர்கள். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் ஓர் இடம், நீங்கள் தினமும் கடந்து போகும் இடமாக இருந்தால் நல்லது. முந்திய வாரமே நடந்து போய்ப் பாருங்கள். யாருடைய இடம், குப்பை வண்டி எங்கே நிற்கும், நாய் எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் மேடும் பள்ளமுமான ஊர்கள், ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் நடந்தே ஏறுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதல் நாள் ஒரே ஒரு சாக்கு கொண்டுபோங்கள். இரண்டு கொண்டுபோனால் இரண்டையும் நிரப்பத் தோன்றும், தூக்கி வர ஆள் இருக்காது.